எச்.ரீ.எம்.எல். எடிட்டரில் விரைவாகவும் பிழையின்றியும் எழுத

கணினி ஆய்வுகூடத்தில் ஒரு பாடவேளை 40 நிமிடம். வகுப்பிலிருந்து வரிசையாக இறங்கி வந்து, சப்பாத்தைக் கழற்றி வைத்து, கணினி உயிர்பெறும் வரை காத்திருந்து, யார் எந்த இருக்கையில் என்ற பேச்சுவார்த்தையும் முடிந்த பிறகு கையில் மிஞ்சுவது அரை மணித்தியாலம். அதையும் ஒரு கணினிக்கு இருவராகப் பங்கிட்டுக்கொள்கிறோம். அந்த நேரத்துக்குள் ஓர் இணையப் பக்கத்தை எழுதி முடிப்பவளுக்கும், பாதியில் மணி அடித்து எழுந்து போகிறவளுக்கும் இடையில் அறிவில் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எடிட்டரைக் கையாளும் விதத்தில்தான் வித்தியாசம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் உண்டு. உயர்தரத் தகவல் தொடர்பாடல் தொழினுட்பப் பரீட்சையில் எச்.ரீ.எம்.எல். வினாவுக்கு நாம் கடதாசியிலேயே விடை எழுதுகிறோம். அங்கே நிறம் இல்லை, தானாக மூடும் அடைப்புக்குறி இல்லை, பட்டியல் நீட்டிக் காட்டும் உதவி இல்லை. எடிட்டர் செய்து தந்த எல்லாவற்றையும் அன்று பேனாதான் செய்ய வேண்டும். ஆகவே ஆய்வுகூடத்தில் வேகமும் வேண்டும், அந்த வேகம் நம் கையறிவைத் தின்றுவிடவும் கூடாது. எந்த வசதியை முதல் நாளிலிருந்தே பயன்படுத்தலாம், எதைச் சில மாதம் தள்ளிப்போட வேண்டும் என்று பிரித்துச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன். தரம் 12 இல் காலடி வைத்திருக்கும் தங்கையருக்கு இது முக்கியமாகப் பயன்படும்.

ஒரு குறிப்பு. இது தமிழ்ச் சஞ்சிகை என்பதால் டேக்குகளையும் விசைகளையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். யூஎல், எல்ஐ, பீஆர் என்று நான் எழுதுபவற்றைக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

எந்த எடிட்டர்?

விண்டோஸில் இருக்கும் நோட்பேடிலேயே எச்.ரீ.எம்.எல். எழுதலாம். முதல் இரண்டு வாரம் அப்படி எழுதுவது நல்லதும் கூட. ஒரு கோண அடைப்பு விடுபட்டால் என்ன நடக்கும் என்பதை நோட்பேட் போல எதுவும் கற்றுத் தருவதில்லை. அதில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். சேமிக்கும்போது கோப்பு வகையை 'எல்லாக் கோப்புகளும்' என்று மாற்றாவிட்டால், நீங்கள் கொடுத்த பெயருக்குப் பின்னால் அது தன் வால் ஒன்றையும் ஒட்டிவிடும். உலாவி அதைப் பக்கமாகக் காட்டாது, நீங்கள் எழுதிய டேக்குகளை அப்படியே எழுத்தாகக் காட்டும்.

அதற்கு அடுத்து நோட்பேட் பிளஸ் பிளஸ், விஷுவல் ஸ்டூடியோ கோட் என்ற இரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. முதலாவது 2003 இல் வெளிவந்தது. மிகவும் இலேசானது, பழைய கணினியிலும் சட்டென்று திறக்கும். இரண்டாவது 2015 இல் மைக்ரோசொப்ட் வெளியிட்டது. கொஞ்சம் கனமானது, வசதிகள் அதிகம். இரண்டையும் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே இயக்கக்கூடிய வடிவமும் உண்டு. கணினியில் எதையும் நிறுவ அனுமதியில்லாத இடத்தில் இது பெரும் உதவி. ஆனால் சொந்த பென் டிரைவைச் செருகுவதற்கு முன்னர் டீச்சரிடம் கேட்டுவிடுங்கள். நான் இனிச் சொல்லும் குறுக்குவிசைகள் விஷுவல் ஸ்டூடியோ கோடுக்கு உரியவை.

நிறத்தை வாசியுங்கள்

எடிட்டர் தரும் உதவிகளுள் முதலிடம் எதற்கு என்று கேட்டால் பலரும் தானாக எழுதித் தருவதையே சொல்வார்கள். நான் நிறத்தைச் சொல்வேன். காரணம், உலாவி மிகவும் இரக்கமுள்ளது. நாம் ஒரு டேக்கை மூட மறந்தால் அது பிழைச்செய்தி காட்டுவதில்லை. தானே ஊகித்து ஏதோ ஒன்றைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். பக்கம் சரியாகத் தெரிகிறது, ஆகவே நிரல் சரி என்று நாம் நினைத்துக்கொள்வோம். விடைத்தாள் திருத்துபவருக்கு அந்த இரக்கம் இருக்க வேண்டியதில்லை.

எடிட்டரின் இருண்ட தோற்றத்தில் டேக்கின் பெயர் நீலம், பண்பின் பெயர் இளநீலம், மேற்கோள் குறிக்குள் வரும் மதிப்பு செம்மஞ்சள் கலந்த பழுப்பு, குறிப்புரை பச்சை, மற்ற எழுத்தெல்லாம் வெள்ளை. இப்போது ஒரு மேற்கோள் குறியை மூடாமல் விட்டுப் பாருங்கள். அதற்கு அடுத்து வரும் வரிகள் எல்லாம் ஒரே பழுப்பாக மாறிவிடும், அடுத்த மேற்கோள் குறி எதிர்ப்படும் வரை. பிழை நிறம் மாறிய வரியில் தெரிந்தாலும் அது தொடங்கிய இடம் அதற்கு மேலேதான். ஆகவே நிறம் குழம்பினால் கீழே தேடாதீர்கள், மேலே தேடுங்கள்.

பக்கம் முழுவதும் வெள்ளையாக வந்து ஓர் எழுத்துக்கூடத் தெரியாவிட்டால் பதறத் தேவையில்லை. முதலில் டைட்டில் டேக்கைப் பாருங்கள். அது மூடப்படாவிட்டால் அதற்குப் பின் வரும் அனைத்தையும் உலாவி தலைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அது சரியாக இருந்தால் குறிப்புரை ஒன்று மூடப்படாமல் இருக்கிறதா என்று பாருங்கள். ஓரிடத்திலிருந்து பக்கத்தின் கடைசி வரை எல்லாம் தடித்த எழுத்தாக இருந்தால் அந்த இடத்தில் தடிப்பு டேக் திறந்தே கிடக்கிறது.

நிறத்துக்கு அடுத்தது உள்தள்ளல். உள்ளே இருக்கும் டேக் இரண்டு இடைவெளி உள்ளே தள்ளி நிற்க வேண்டும். இரண்டோ நான்கோ, எதைத் தெரிந்தாலும் பக்கம் முழுவதும் அதையே பின்பற்ற வேண்டும். ஷிப்ட், ஒல்ட், எப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் எடிட்டர் பக்கம் முழுவதையும் ஒழுங்காக அடுக்கித் தரும். இதை அழகுக்காக மட்டும் பயன்படுத்துகிறார்கள். இதைச் சோதனைக்குப் பயன்படுத்தலாம். அடுக்கிய பிறகு கடைசியில் உள்ள மூடும் டேக் இடது ஓரத்துக்கு வராமல் உள்ளேயே நின்றால், நடுவில் எங்கோ ஒன்று மூடப்படவில்லை என்று அர்த்தம். எந்த வரியிலிருந்து படிகள் தவறுகின்றன என்று மேலிருந்து கண்ணை ஓட்டினால் இடம் அகப்பட்டுவிடும்.

இந்த இரண்டையும் முதல் நாளிலிருந்தே பயன்படுத்துங்கள். இவை நமக்குப் பதிலாக எழுதுவதில்லை, எழுதியதைப் பார்க்க உதவுகின்றன, அவ்வளவுதான். இருவர் ஒரு கணினியில் இருந்தால் ஒருவர் தட்டட்டும், மற்றவர் நிறத்தையும் படிகளையும் மட்டும் பார்க்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருக்கும் அந்த இருபது நிமிடமும் அப்போது வீணாகாது.

கொஞ்சம் தள்ளிப்போட வேண்டியது

விஷுவல் ஸ்டூடியோ கோடில் எமெட் என்ற சுருக்கெழுத்து வசதி ஏற்கெனவே உள்ளது. அதற்கு இணையத் தொடர்பும் தேவையில்லை. முன்னர் இதன் பெயர் ஸென் கோடிங். வெறும் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறியை இட்டு டெப் விசையை அழுத்தினால் பக்கத்தின் முழுச் சட்டகமும் வந்து நிற்கும். யூஎல்>எல்ஐ*5 என்று எழுதி டெப் அழுத்தினால் ஐந்து உருப்படிகள் கொண்ட பட்டியல் தயார்.

இதன் முழு வலிமை அட்டவணையில்தான் தெரியும். நமது வகுப்பு நேரசூசியை எடுத்துக்கொள்ளுங்கள். நாட்களின் பெயருக்கு ஒரு நிரை, பாடவேளைகளுக்கு எட்டு நிரை, இடைவேளைக்கு ஒன்று, ஆகப் பத்து நிரைகள். நேரத்துக்கு ஒரு நிரல், ஐந்து நாட்களுக்கு ஐந்து, ஆக ஆறு நிரல்கள். மொத்தம் 60 கலங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் திறப்பதும் மூடுவதுமாக 120 டேக், நிரைகளுக்கு 20, அட்டவணைக்கு 2. 142 டேக்குகளைக் கையால் தட்டினால் பாடவேளை முடிந்துவிடும். டேபிள்>ரீஆர்*10>ரீடீ*6 என்று எழுதி டெப் அழுத்தினால் ஒரு நொடி.

ஆனால் இங்கேதான் கவனிக்க வேண்டும். இடைவேளை நிரையில் ஆறு கலம் தேவையில்லை. ஒரே கலம் ஆறு நிரலுக்கும் பரந்து நிற்க வேண்டும். அதற்குக் கொல்ஸ்பான் பண்புக்கு 6 என்ற மதிப்பைக் கொடுக்கிறோம். கொடுத்தவுடன் மற்ற ஐந்து கலங்களையும் அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால் அந்த நிரை மட்டும் வலப்பக்கம் ஐந்து கலம் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். இதை எமெட் சொல்லித் தராது. கையால் அட்டவணை எழுதிப் பழகியவளுக்கு அது ஏன் துருத்துகிறது என்று உடனே விளங்கும். சுருக்கெழுத்து மட்டும் தெரிந்தவள் எதையாவது அழித்து அழித்துப் பார்ப்பாள். பரீட்சையில் கேட்பது இந்த இடத்தைத்தான்.

ஆகவே நான் எனக்கென்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். ஒரு டேக்கைக் கடதாசியில் மூன்று முறை பார்க்காமல் எழுத முடிந்த பிறகே அதைச் சுருக்கி எழுதுவேன். பட்டியல் முடிந்தது, அட்டவணை முடிந்தது, படிவம் இன்னும் முடியவில்லை. ஆகவே படிவத்தை இப்போதும் முழுதாகத்தான் தட்டுகிறேன். டிம் பேர்னர்ஸ் லீ 1991 இல் எச்.ரீ.எம்.எல். பற்றி முதன்முதலில் விவரித்தபோது இருந்தவை 18 டேக்குகள். இன்று நூறைத் தாண்டிவிட்டன. அத்தனையையும் மனனம் செய்யச் சொல்லவில்லை. நம் பாடத்திட்டத்தில் வருபவை மட்டும் கைக்குள் இருந்தால் போதும். வாக்கியத்தை நாம் தொடங்கினால் தானே முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு உதவிகளும் இப்போது எடிட்டருக்குள் வந்துவிட்டன. பரீட்சை முடியும் வரை அவற்றை அணைத்து வைப்பதே நல்லது என்பது என் கருத்து. மறுப்பவர்கள் இருக்கலாம்.

ஆச்சரியக்குறி தரும் சட்டகத்தில் ஒரு சிறு விடயம். அதில் பக்கத்தின் மொழி ஆங்கிலம் என்றே எழுதி வரும். தமிழ்ப் பக்கமானால் லாங் பண்பின் மதிப்பைத் தமிழுக்குரிய இரண்டு எழுத்துக்கு, அதாவது ரீயும் ஏயும் சேர்த்து, மாற்ற வேண்டும். கண்ணுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் பார்வையற்ற ஒருவர் திரைவாசிப்பு மென்பொருளில் நம் பக்கத்தைத் திறந்தால், எந்த மொழிக் குரலில் வாசிக்க வேண்டும் என்பதை அந்த மென்பொருள் இந்தப் பண்பைப் பார்த்தே தீர்மானிக்கிறது. ஆங்கிலம் என்று எழுதியிருந்தால் தமிழை ஆங்கிலக் குரலில் வாசிக்க முற்படும். பக்கத்தின் தலைப்பும் 'டொக்கியுமென்ட்' என்றே இருக்கும். அதையும் மாற்றுங்கள்.

ஒரு கவிதையைப் பக்கத்தில் இடுவது

நம் சஞ்சிகைக்கு வரும் ஒரு கவிதையை இணையப் பக்கமாக்குவதாக வைத்துக்கொள்வோம். இருபது வரிக் கவிதை. எடிட்டரில் வரிவரியாக ஒட்டினாலும் உலாவி அதை ஒரே பந்தியாக்கி உரைநடையாக்கிவிடும். எச்.ரீ.எம்.எல்.லுக்கு நாம் அடித்த என்டர் வெறும் இடைவெளிதான். ஒவ்வொரு வரி முடிவிலும் பீஆர் வேண்டும்.

இருபது முறை தட்டத் தேவையில்லை. இருபது வரியையும் தெரிவு செய்து ஷிப்ட், ஒல்ட், ஐ மூன்றையும் அழுத்துங்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ஒவ்வொரு கர்சர் மின்னும். இப்போது பீஆர் டேக்கை ஒருமுறை தட்டினால் இருபது வரியிலும் ஒன்றாக விழும். முதல் தடவை செய்து பார்க்கும்போது உங்களையறியாமல் சிரிப்பு வரும். முடிந்ததும் எஸ்கேப் அழுத்தி ஒற்றைக் கர்சருக்குத் திரும்ப மறக்காதீர்கள்.

பட்டியல் இடுவதற்கும் இதே போல ஒன்று உண்டு. இல்லத் தலைவிகளின் பெயர்கள் வரிவரியாக இருக்கின்றன என்றால் அவற்றைத் தெரிவு செய்து, கொன்ட்ரோல், ஷிப்ட், பீ அழுத்திக் கட்டளைப் பெட்டியைத் திறந்து, எமெட்டின் 'சுருக்கத்தால் சுற்று' என்ற கட்டளையைத் தேடி, யூஎல்>எல்ஐ* என்று கொடுங்கள். எண் தேவையில்லை, எத்தனை வரியோ அத்தனை எல்ஐ தானாக வரும்.

தினமும் தேவைப்படுவன இன்னும் சில. ஒல்ட் விசையுடன் மேல் அல்லது கீழ் அம்பை அழுத்தினால் கர்சர் நிற்கும் வரி அப்படியே இடம் நகரும். ஷிப்ட்டையும் சேர்த்தால் நகல் எடுத்து வைக்கும். கொன்ட்ரோலும் சாய்கோடும் அந்த வரியைக் குறிப்புரையாக்கும், மறுபடி அழுத்தினால் விடுவிக்கும். பிழை எந்த வரியில் என்று தெரியாதபோது சந்தேகமான பகுதியை இப்படி மூடி வைத்துப் பார்க்கலாம். நீண்ட தமிழ்ப் பந்திகள் திரைக்கு வெளியே ஓடினால் ஒல்ட், இஸட். மற்றவை தேவை வரும்போது தானாகப் பழகும். ஒரே நாளில் இருபது விசை மனனம் செய்தவர்கள் மறுவாரம் எலியைத்தான் தேடுகிறார்கள்.

தமிழும் அரபும்

ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் எவையும் இதைச் சொல்வதில்லை என்பதால் இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் பாமினி. நம் பாடசாலைகளில் கடிதமும் வினாத்தாளும் இன்னும் பாமினி எழுத்துருவில் தட்டப்படுகின்றன. அந்தக் கோப்பிலிருந்து ஒரு பந்தியை வெட்டி எடிட்டரில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த ஒரு குவியல் வந்து விழும். அது பழுதல்ல. பாமினியில் கணினி சேமிப்பது ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போர்த்திக் காட்டுகிறது. பார்ப்பவரின் கணினியில் பாமினி இல்லாவிட்டால் போர்வை விலகிவிடும்.

இதில் இன்னொரு பொறி உண்டு. பாமினியில் 'ஈ' என்ற எழுத்துக்கு உரிய விசை, நாம் டேக்கைத் திறக்கப் பயன்படுத்தும் கோண அடைப்புத்தான். காற்புள்ளிக்கு உரியதோ மூடும் கோண அடைப்பு! பாமினியில் தட்டிய 'ஈத் முபாரக்' வாழ்த்தை அப்படியே எச்.ரீ.எம்.எல். கோப்பில் ஒட்டினால் உலாவி 'ஈத்' என்ற இடத்தில் ஒரு டேக் தொடங்குவதாக எண்ணி, அடுத்த காற்புள்ளி வரை உள்ள அனைத்தையும் விழுங்கிவிடும். வாழ்த்தில் பெருநாளே காணாமல் போகும். ஆகவே முதலில் பந்தியை ஒருங்குறிக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள். ஹெட் பகுதியில் மெட்டா டேக்கில் எழுத்துக் குறிமுறை யூ.ரீ.எப்.-8 என்று இருக்க வேண்டும். எமெட் சட்டகத்தில் அது தானாகவே வரும்.

ஒருங்குறியிலும் ஒரு விடயத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. 'இஸ்லாம்' என்ற சொல் நமக்கு நான்கு எழுத்து. கணினிக்கு அது ஏழு குறிகள்: இ, ஸ, புள்ளி, ல, கால், ம, புள்ளி. யூ.ரீ.எப்.-8 இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டாக மொத்தம் 21 பைட். அதனால்தான் பெரும்பாலான எடிட்டர்களில் அழிக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் 'ம்' முழுதாகப் போகாமல் புள்ளி மட்டும் போகிறது. தேடும்போதும் இதே கதைதான். 'கல' என்று தேடினால் 'கல்வி'யின் முதலிரு குறிகளும் அகப்படும், ஏனெனில் புள்ளி தனிக் குறி.

தேடி மாற்றும் வசதியைத் தமிழில் பயன்படுத்துவோர் ஆகக் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கொன்ட்ரோல், எச் அழுத்தி 'பாடல்' என்ற சொல்லையெல்லாம் 'கவிதை' என்று மாற்று என்று ஆணையிட்டால் எடிட்டர் கண்ணை மூடிக்கொண்டு செய்யும். 'தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்' அப்போது 'தகவல் தொடர்கவிதை தொழினுட்பம்' ஆகிவிடும். பாடம் இனிமையாகத்தான் இருக்கும்! 'அனைத்தையும் மாற்று' என்பதை விட்டு, ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். அல்லது மாற்ற வேண்டிய பந்தியை மட்டும் தெரிவு செய்து, தேடல் பெட்டியில் 'தெரிவுக்குள் மட்டும் தேடு' என்ற பொத்தானை அழுத்திவிட்டு மாற்றுங்கள்.

குர்ஆன் வசனமோ ஹதீஸோ இடம்பெறும் பக்கத்தில் இது வெறும் எழுத்துப் பிழையாக நின்றுவிடாது. அரபு வசனத்தை விசைப்பலகையில் தட்ட முயல வேண்டாம். நம்பகமான ஒருங்குறிப் பிரதியிலிருந்து எடுத்து ஒட்டி, ஹரகத்துகள் சரியாக வந்துள்ளனவா என்று முஸ்ஹபுடன் ஒப்பிட்டு, இஸ்லாம் பாட டீச்சரிடமும் காட்டிவிடுங்கள். வசனத்தைத் தனி வரியில், தனி பீ டேக்கில் வையுங்கள். அந்த டேக்கில் டிர் பண்புக்கு வலமிருந்து இடம் என்ற மதிப்பையும், லாங் பண்புக்கு அரபு மொழிக் குறியையும் கொடுங்கள். டிர் பண்பு இல்லாவிட்டால் வசன முடிவில் இடும் நிறுத்தக்குறி வசனத்தின் தொடக்கப் பக்கத்துக்குப் போய் நிற்கும்.

எடிட்டருக்குள்ளும் அரபு ஒரு மயக்கத்தைத் தரும். அரபுச் சொல்லைத் தொடர்ந்து வசன எண்ணை இட்டால் எண் சொல்லின் இடப்பக்கம் தோன்றும். சில எடிட்டர்களில் அம்பு விசையை அழுத்தினால் கர்சர் எதிர்த் திசையில் போவது போலவும் இருக்கும். கோப்பில் எழுத்துகள் நாம் தட்டிய வரிசையிலேயே இருக்கின்றன; திரையில் காட்டும் ஒழுங்கு மட்டுமே மாறுகிறது. இது தெரியாதவர்கள் எண்ணை வெட்டி வெட்டி இடம் மாற்றி, சரியாக இருந்ததைக் குழப்பிவிடுகிறார்கள். வசன எண்ணை ஸ்பான் டேக் ஒன்றுக்குள் தனியாக, அடுத்த வரியில் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

நேரத்தை மிச்சப்படுத்தும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். டேக்குக்கு ஆங்கிலம், உள்ளடக்கத்துக்குத் தமிழ் என்று வரிக்கு வரி விசைப்பலகையை மாற்றிக்கொண்டிருந்தால் அரை மணித்தியாலத்தில் பாதி அதிலேயே போய்விடும். முதலில் டேக் முழுவதையும் ஆங்கிலத்தில் எழுதி எலும்புக்கூட்டை முடியுங்கள். பிறகு விண்டோஸ் விசையையும் இடைவெளி விசையையும் அழுத்தித் தமிழுக்கு மாறி, மேலிருந்து கீழாக ஒரே மூச்சில் நிரப்புங்கள். எமெட் தரும் லத்தீன் மாதிரி உரையை இட்டு அழகு பார்க்க வேண்டாம். தமிழ்ச் சொற்கள் நீளமானவை. லத்தீனுக்குக் கச்சிதமாக இருந்த பொத்தானில் 'தொடர்புகொள்க' அடங்காது.

கோப்பும் மின்சாரமும்

கோப்புகளுக்கு ஆங்கிலச் சிற்றெழுத்தில், இடைவெளி இல்லாமல் பெயர் வையுங்கள். விண்டோஸ் பேரெழுத்தையும் சிற்றெழுத்தையும் ஒன்றாகவே பார்க்கும். பக்கத்தை இணையத்தில் ஏற்றினால் அங்குள்ள வழங்கிகள் பெரும்பாலும் லினக்ஸ். அவை இரண்டையும் வேறாகப் பார்க்கும். ஆய்வுகூடத்தில் அழகாகத் தெரிந்த படங்கள் அங்கே உடைந்த சின்னமாக நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அதே போல வட்ஸ்அப்பிலோ வேர்டிலோ வந்த குறிப்பிலிருந்து நிரலை ஒட்டும்போது மேற்கோள் குறிகளைப் பாருங்கள். வளைந்த மேற்கோளாக இருந்தால் எச்.ரீ.எம்.எல்.லுக்கு அது மேற்கோளே அல்ல. இங்கேயும் நிறமே காட்டிக்கொடுக்கும்: பழுப்பாக இருந்தாலும் இணைப்பு வேலை செய்யாவிட்டால் குறியின் வடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

2022 இல் நாட்டில் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த காலம் நம் எல்லோருக்கும் ஞாபகம். இப்போதும் மழைக்காலத்தில் சொல்லாமல் போகும். கோப்புப் பட்டியலில் 'தானாகச் சேமி' என்பதை முதலிலேயே தெரிவு செய்துவிட்டால் அந்தப் பயம் குறையும். எடிட்டரையும் உலாவியையும் விண்டோஸ் விசையும் அம்பும் அழுத்தித் திரையின் இரு பாதியில் வைத்துக்கொண்டு, மாற்றியவுடன் எப்5 அழுத்திப் பாருங்கள். இணையத் தொடர்பு இருந்தால், சேமித்தவுடன் உலாவியைத் தானாகப் புதுப்பிக்கும் 'லைவ் சேர்வர்' போன்ற நீட்சிகளையும் இணைத்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் எப்5 ஒன்றும் பெரிய சுமை அல்ல.

மீண்டும் கடதாசிக்கு

வாரத்துக்கு ஒரு நாள், எடிட்டரில் முடித்த பக்கத்தை மூடிவிட்டு, அதையே கொப்பியில் எழுதிப் பாருங்கள். எடிட்டரின் நல்ல பழக்கங்களைக் கையும் பின்பற்றலாம். திறக்கும் டேக்கை எழுதியவுடன் எடிட்டர் மூடும் டேக்கையும் இட்டுவிடுகிறது அல்லவா? நாமும் அப்படியே, யூஎல் திறந்தவுடன் நான்கு ஐந்து வரி கீழே அதை மூடி எழுதிவிட்டு, பிறகு நடுவை நிரப்பலாம். கொப்பியின் சிவப்பு ஓரக் கோட்டை இடது எல்லையாக வைத்து, ஒரு படி உள்ளே போக ஒரு விரல் அகலம் விடுங்கள். நிறம் இல்லாத குறையைப் போக்க, எழுதி முடித்ததும் பென்சிலால் திறப்பதையும் மூடுவதையும் ஒரு மெல்லிய வளைகோட்டால் இணைத்துப் பாருங்கள். கோடுகள் ஒன்றையொன்று வெட்டினால் டேக்குகள் தவறான ஒழுங்கில் மூடப்பட்டிருக்கின்றன.

பிறகு கொப்பியில் எழுதியதை அடுத்த பாடவேளையில் ஓர் எழுத்தும் திருத்தாமல் நோட்பேடில் தட்டி, அதை விஷுவல் ஸ்டூடியோ கோடில் திறந்து பாருங்கள். எந்த வரியில் நிறம் மாறுகிறதோ அந்த வரியைக் கொப்பியில் சிவப்பால் குறித்துக்கொள்ளுங்கள். விடைத்தாளில் நடுப்பகுதிக்கு இரண்டு வரி கூடுதலாகவே விட்டு எழுதினால், வினாவை மறுபடி வாசிக்கும்போது ஓர் எல்ஐ விடுபட்டது தெரிந்தாலும் அதைச் செருக இடம் இருக்கும்.